சவரி வேண்டாமென்று சொன்ன சைக்கிள்

மேடென்று காட்ட ரயில்வே பாலம் ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லாத, ஒரு குடம் தண்ணீரைத் தெருவில் கொட்டினால் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் அங்கேயே நின்று காய்ந்துபோகிற முதலியார்பேட்டையில், பஞ்சாலை மூடி வெகுகாலம் ஆன பிறகும் பஞ்சாலைத் தொழிலாளி என்றே தன்னைச் சொல்லிக்கொண்டிருந்த மாசிலாமணி, எழுபது வயதுக்குச் சற்று முன்போ பின்போ, மறுபடியும் சைக்கிள் ஓட்டப்போவதாக அறிவித்தார். வீட்டில் உப்பு தீர்ந்துபோனதைக்கூட அறிவித்தே பழகியவர் அவர்.

வலது முட்டி தேய்ந்துவிட்டது. நடந்தால் வலித்தது, நடக்காமல் இருந்தால் பூட்டிக்கொண்டது. சைக்கிள் மிதியுங்கள், வேறு வழியில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். முட்டியைவிடப் பெரிய வலி ஒன்றும் இருந்தது. நோட்டீஸ் கொடுக்கப் போவதென்றால் மருமகன் இளம்பரிதியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு போகவேண்டியிருந்தது; அந்த இளம்பரிதியோ ஒரு கம்பெனியில் ஆட்களை வேலையிலிருந்து நிறுத்துகிற பிரிவில் உத்தியோகம் பார்த்தான். ‘அடுத்தவன் முதுகில் சவாரி செய்பவனே, இறங்கு’ என்று வாழ்நாளெல்லாம் நோட்டீஸ் அடித்தவர், அந்த நோட்டீஸ் கட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படிப் போனார். போகிற வழியெல்லாம் யாராவது சிரிக்கிறார்களா என்று பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

ஊரில் எல்லோரும் வைத்திருக்கும் உயரமான கறுப்புச் சைக்கிள் அவருடைய முட்டிக்கு ஆகாது, அது இரும்புக் கட்டில். புதிதாக வருகிற கியர் சைக்கிளை அவர் நம்பவில்லை. தானே கழற்றி மாட்ட முடியாத எந்தப் பொருளும் முதலாளியின் கையாள் என்பது அவர் கருத்து. மிச்சம் இருந்தது பழைய ரேஸ் சைக்கிள்தான். வளைந்த ஹேண்டில் பார், ஒல்லியான டயர், ஒரு கையால் தூக்கக்கூடிய எடை. வேலைநிறுத்தக் காலத்தில் இரவல் வாங்கிய அப்படி ஒன்றில்தான் ஆலைக்கும் ஆலைக்கும் இடையே சேதி கொண்டுபோனார். வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன அந்த மாதிரிச் சைக்கிள்கள் புதுச்சேரியில் ஒரே ஒரு கடையில்தான் இன்னும் தொங்கின. அது சவரிராயன் கடை. சவரிராயன் கருங்காலி.

ஆலையில் பெரிய வேலைநிறுத்தம் நடந்து, அடுப்பில் பூனை தூங்கிய நாட்களில், ஒரு விடியற்காலை தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு சாம்பல் கொட்டுகிற வாசல் வழியாக வேலைக்குப் போனவன் சவரி. மத்தியானத்துக்குள் மாசிலாமணியின் நோட்டீஸ் வந்துவிட்டது, பெயரோடு, தெருவோடு. அன்று முதல் அவன் கருங்காலி சவரிதான். ஆலை மூடி, அவன் சைக்கிள் கடை போட்டான். பஞ்சர் ஒட்டப் போனார்கள், ஆனால் அவன் வாங்கிக் கொடுக்கும் டீயை யாரும் குடிக்கவில்லை. மாசிலாமணி நாற்பது வருஷமாக அவனோடு பேசவில்லை. அந்தக் கடைப்படியில் இப்போது ஏறும்போது, சிறைக்குப் போன நாளில்கூட இல்லாத அளவுக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

“வாங்க தோழர்” என்றான் சவரி. மெலிந்து, நரைத்து, காதில் பென்சிலோடு இருந்தான்.

“உன்னைத் தோழர்னு கூப்பிடச் சொல்லல. சைக்கிள் காட்டு.”

மூன்று தொங்கின. நீலத்தை இறக்கச் சொன்னார். பெயிண்ட் புதுசு. புதுப் பெயிண்ட் அடித்த சைக்கிளையும் புதுத் துண்டு போட்ட தலைவனையும் அவர் பார்த்த மாத்திரத்தில் நம்பமாட்டார். ஒரு ரூபாய்க் காசை எடுத்துக் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே போனார்; கணீர் கணீர் என்று வந்த சத்தம், சீட்டுக்குக் கீழே ஓரிடத்தில் பொத்தென்று விழுந்தது.

“ஒட்டு போட்டிருக்கே.”

“ஆமா. கேட்டா சொல்லியிருப்பேன்.”

“கேட்டாத்தான் சொல்லுவியா?”

சிவப்பில் காலைப் போட்டு நின்று பார்த்தார். குழாய்க்கும் வேட்டிக்கும் நடுவில் விரல் நுழைய இடமில்லை. அது ஒட்டகத்துக்குச் செய்தது. மூன்றாவது, நிறம் இன்னதென்று சொல்ல முடியாதபடி மங்கியிருந்தது. முன்பக்கப் பித்தளை வில்லை எப்போதோ விழுந்துவிட்டது, தோல் சீட்டில் யாரோ ஒருவர் உட்கார்ந்த அச்சு இருந்தது. காசைத் தட்டினார், தலையிலிருந்து வால்வரை கோயில் மணி மாதிரி ஒரே சத்தம். முன் சக்கரத்தைச் சுழற்றிவிட்டார். அதைத் தாங்கும் ஃபோர்க் நேராக இருந்தது. சக்கரம் நிற்கவே இல்லை.

“அது வேணாம் தோழர்” என்றான் சவரி.

மாசிலாமணி மெதுவாகத் திரும்பினார். “ஏன்?”

“வேணாம். நீலத்துக்கு வேற பிரேம் மாத்தித் தர்றேன். ஒரு வாரம் குடுங்க.”

இதற்குத்தான் காத்திருந்தவர்போல மாசிலாமணியின் முகம் மலர்ந்தது. நிர்வாகம் எதை மேசைக்கு அடியில் மறைக்கிறதோ அதைத்தான் கேட்கவேண்டும், எந்தக் கதவைத் திறக்காதே என்கிறதோ அதைத்தான் தள்ளவேண்டும். பேச்சுவார்த்தையில் அவர் கற்ற முதல் பாடமும் கடைசிப் பாடமும் அதுதான். “எனக்கு இதுதான் வேணும்” என்றார். சவரி காதுப் பென்சிலை எடுத்து விலையை எழுதிக் கொடுத்தான். மாசிலாமணி சைக்கிளைத் தெருவில் இறக்கி, முட்டியைக் கையால் தூக்கி மறுபுறம் போட்டு, உட்கார்ந்தார். பெடலில் கால் வைப்பதற்குள் அது கிளம்பிவிட்டது. தட்டையான அந்தத் தெரு அவருக்கு முன்னால் சரிந்து இறங்கியது. காற்று சட்டைக்குள் புகுந்தது. முட்டி ஒன்று தனக்கு இருப்பதையே மறந்தார். திரும்பிப் பார்த்தபோது சவரி கடை வாசலில் நிலைச்சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். நல்ல சரக்கு கைவிட்டுப் போன வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டார்.

அந்தச் சைக்கிளுக்கு எல்லாத் தெருவும் இறக்கமாக இருந்தது. போகும்போதும் இறக்கம், அதே வழியில் திரும்பி வரும்போதும் இறக்கம். முதல் நாள் தெரு அதைப் பார்த்தது, இரண்டாம் நாள் அதற்கு ஏற்பாடு செய்துகொண்டது. ஏனென்றால் அந்த இறக்கம் அவரோடு கூடவே போனது. அவர் கடக்கும்போது பழவண்டியிலிருந்து சாத்துக்குடி உருண்டு அவர் பின்னால் ஓடியது, சாக்கடைத் தண்ணீர் தேங்கிய இடத்தை விட்டுக் கிளம்பி ஒரு பத்தடி நடந்துவிட்டு மறுபடி நின்றது, ஆட்டோக்கள் தாமாக நகர்ந்தன. ஆகவே வண்டிக்காரர்கள் சக்கரத்துக்கு அடியில் செங்கல் வைத்துக்கொண்டார்கள், குழாயடிப் பெண்கள் மணிச் சத்தம் கேட்டதும் குடத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டார்கள், கொசு மருந்து அடிக்க யாரும் வராத வாணரப்பேட்டைச் சந்துக்காரர்கள் மட்டும், தோழர் எங்கள் பக்கமும் தினம் ஒருமுறை வந்துபோனால் சாக்கடை ஓடும் என்று கேட்டு வந்தார்கள். அவர் போய்வந்தார். நகராட்சி என்ஜினீயர் ரசமட்டத்தோடு வந்து ரோட்டில் வைத்துப் பார்த்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. சைக்கிள் நகரும்போது வைத்தார். குமிழி பின்பக்கம் ஓடி ஒட்டிக்கொண்டது. “ரோடு சரியாத்தான் இருக்கு, குறை எங்க பேர்ல இல்ல” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அது தன்னுடைய காலத்தில் நடந்த சாலைப் பணி என்று ஒரு கவுன்சிலர் பேனர் வைத்தார். மாதா கோயில் பூசையில் நன்றி சொன்னார்கள், மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள், மாசிலாமணி இரண்டையும் கண்டித்து ஒரே நோட்டீஸில் எழுதினார்.

அவர் மட்டும்தான் நிம்மதி இல்லாமல் இருந்தார். இரவில் மகள் மலர்விழியிடம், “இந்த உலகத்துல சும்மா கிடைக்கிறது எதுவும் கிடையாதும்மா” என்றார். “எவனோ ஒருத்தன் சும்மா சாப்பிட்டா எவனோ ஒருத்தன் பட்டினி. எவனோ ஒருத்தன் சும்மா இறங்கினா?”

“தூங்குப்பா” என்றாள் மலர்விழி.

“எவனோ ஒருத்தன் ஏறுறான். எங்க ஏறுறான்? யாரு அவன்?”

மறுநாள் முதல் விசாரணையைத் தொடங்கினார். சுமை இழுப்பவர்களைத்தான் முதலில் கேட்டார். கேஸ் சிலிண்டர் வண்டி மிதிக்கும் கிருட்டினன், “எங்களுக்கு எப்பவுமே மேடுதான் தோழர், நீங்க சைக்கிள் வாங்கினதுல ஒண்ணும் கூடலியே” என்றான். தண்ணீர் கேன் தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். கடைசியில் தேங்காய்த்திட்டிலிருந்து கூடையோடு வரும் மீன்காரி அஞ்சலையை நிறுத்தி, உனக்கு நடக்கும்போது ரோடு கனக்கிறதா என்று கேட்டார்.

அஞ்சலை கூடையை இறக்காமலே அவரை மேலும் கீழும் பார்த்தாள். “என்னாண்ணே, நெசமாவே தெரியாதா உனக்கு?”

“என்னா தெரியாதா?”

“கருங்காலிதான் ஏறுறாரு. நீ கெளம்பினா அவரு தெருவுல மேடு எழும்பும். டீக்கடையில அவரு கையில இருக்குற கிளாஸ் சாயும். நாங்களே அதைப் பாத்துத்தான், தோழர் கெளம்பிட்டாரு, வண்டிக்குக் கல்லு வைன்னு சொல்லிக்குவோம். போன ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போறவரு திருவண்ணாமலை ஏறுற மாதிரி ஏறினாரு, பாவம். நீ பாகூருக்கு நோட்டீஸ் குடுக்கப் போயிருந்த.”

“ஊருக்கே தெரியுமா?”

“நாய்க்குக்கூடத் தெரியும்.”

“ஏன் எங்கிட்ட யாரும் சொல்லல?”

“சொன்னா அதுக்கும் நோட்டீஸ் அடிப்ப” என்றாள் அஞ்சலை. “வெயில் ஏறுது, மீன் கெட்டுடும், வழிய விடு.”

இங்கே மாசிலாமணியைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும். இதைக் கேட்டதும் அவர் சைக்கிளை நிறுத்தி மூலையில் சாத்தவில்லை. ஏறி உட்கார்ந்தார். கடலூர் சாலையில் அரியாங்குப்பம்வரை போனார், அங்கிருந்து திரும்பாமல் இன்னும் போனார், வேலையே இல்லாத ஊர்களுக்குப் போனார், நோட்டீஸ் இல்லாமல் போனார். வேலைநிறுத்தத்தில் விற்ற அண்டாவுக்கு ஒரு தெரு, மூக்குத்திக்கு ஒரு தெரு, மருந்தில்லாமல் போன தன் மனைவி பூங்காவனத்துக்கு ஊர்முழுக்க எல்லாத் தெருவும் என்று இறங்கினார். ஏறு, ஏறு என்று ஒவ்வொரு சக்கரச் சுற்றுக்கும் சொன்னார். வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக அவர் சைக்கிள் ஓட்டியதில்லை. சந்தோஷம் அவருக்குப் பழக்கமில்லாததால் அதிலும் ஏதோ சூது இருப்பதாகப் பட்டது.

பிறகு கண்ணால் பார்க்க ஆசை வந்தது. ஒரு சாயங்காலம் உப்பளம் பக்கம் சுற்றிக்கொண்டு, சவரியின் தெருவுக்குள்ளேயே சைக்கிளை விட்டார். தூரத்தில் சவரி, தோளில் ஒரு சாக்குப் பையோடு கடைக்கு வந்துகொண்டிருந்தான். அவன் காலுக்கு அடியில் தெரு செங்குத்தாக நின்றது. ஒரு கையை முட்டியில் ஊன்றி, மறுகையால் வீடுகளின் கதவுச் சட்டத்தைப் பிடித்துப் பிடித்து ஏறினான். சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. அதே தெரு மாசிலாமணிக்கு வழுக்கிக்கொண்டு இறங்கியது. பிரேக்கை அழுத்தினார். தெரு சமமானது, சவரி நிமிர்ந்து மூச்சு வாங்கினான். பிரேக்கை விட்டார். சவரி குப்புறக் குனிந்தான். மறுபடி அழுத்தினார், மறுபடி விட்டார். வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தை மாசிலாமணி எங்கோ கேட்டிருந்தார். ஆலையில், தாமதமாக வந்தவனை வெயிலில் நிற்கவைத்து மேஸ்திரி கைக்கடிகாரத்தைப் பார்க்கும்போது, வரிசையில் நின்ற மற்றவர்களெல்லாம் இப்படித்தான் இருந்தார்கள்.

பிரேக்கை அழுத்தி, இறங்கினார்.

“தெரிஞ்சேதான வித்தே?”

சவரி பையை இறக்கி வைத்து அதன்மேல் உட்கார்ந்தான். சட்டை முனையால் கழுத்தைத் துடைத்தான். “தெரியும். கடைசியா அந்தச் சீட்டுல உக்காந்தவன் ஏறணும், இப்ப உக்காந்திருக்கிறவன் இறங்கலாம். அதான் கணக்கு.”

“உனக்கு எவன் ஏறினான்?”

“இத எனக்கு வித்த பிரெஞ்சுக்கார முசியே. பிரான்சுக்குப் போயிட்டாரு. அவரு ஊரு மலை ஊரு, அதனால அவருக்கு வித்தியாசம் தெரிஞ்சிருக்காது. நானும் ஊரு தூங்கின பிறகு ரொம்ப வருஷம் ஜாலியா இறங்கினேன். ஒருநாள் ரோடு சமமாயிடுச்சு. அவரு செத்துட்டாருன்னு புரிஞ்சுக்கிட்டேன்.”

“அப்போ நீயும்...”

“ஆமா. வயசாயிடுச்சு. நீங்க கொஞ்சம் வேகமா ஓட்டுறீங்க.”

“ஏன்யா எங்கிட்ட குடுத்தே? இதுல என்னா தந்திரம்?”

“வேணாம்னு சொன்னேனே.”

“காரணம் சொன்னியா?”

சவரி அவரை நிமிர்ந்து பார்த்தான். “நான் சொல்ற காரணத்தை நாப்பது வருஷத்துல நீங்க எப்ப கேட்டீங்க தோழர்?”

வாசலில் நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். தெருவில் தினம் ஒருவர் அந்தச் சீட்டில் உட்கார்ந்து எழுந்துவிடலாம், முறை வைத்து ஏறலாம் என்றார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் மூன்று பேர் அங்கேயே கைதூக்கினார்கள். கல்யாணமாகாத ஒருவன், வீட்டு ஓனருக்குத் தெரியாமல் அவரை உட்காரவைத்துவிட்டால் என்ன என்று கேட்டான், அதற்கு நல்ல ஆதரவு இருந்தது. மாசிலாமணி கையை உயர்த்தினார். பழைய பழக்கத்தில் எல்லோரும் அடங்கினார்கள்.

“எனக்காக ஒருத்தனும் ஏறவேணாம்” என்றார். பிறகு சைக்கிளைச் சவரி பக்கம் தள்ளினார். “உக்காரு.”

“நானா?”

“கடைசியா உக்காந்தவன் நான். நீ இறங்கு, நான் ஏறுறேன். நீ ஏறின அளவுக்கு நான் ஏறணும். உனக்கு நான் கடன்பட்டுச் சாகமாட்டேன்.”

“உங்க முட்டி, தோழர்...”

“முட்டி என்னுது. நீ உப்பளத்தைச் சுத்திக்கிட்டு எங்க வீட்டுக்கு வா. நான் நேர்வழியா நடந்து வர்றேன். மெதுவா ஓட்டினே, தெரியும்.”

சவரி போனான். அவன் தெருமுனை திரும்பியதுமே மாசிலாமணியின் முன்னால் முதலியார்பேட்டை எழுந்து நின்றது. எழுபது வருஷம் தட்டையாகக் கிடந்த தெரு, இப்போது ஒவ்வொரு மின்கம்பமும் முந்தைய கம்பத்துக்கு மேலே நிற்பதுபோல் ஏறிக்கொண்டே போனது. ஏறினார். முட்டிக்குள் யாரோ கண்ணாடியை அரைத்தார்கள். முன்னாலிருந்து தண்ணீர் இறங்கி அவர் செருப்பை நனைத்தது, ஒரு சாத்துக்குடி உருண்டு வந்து காலில் மோதியது. கிருட்டினன் வண்டியை நிறுத்திக் கைநீட்டினான், தட்டிவிட்டார். டீக்கடைக்காரர் பெஞ்சைத் தள்ளிப்போட்டார், பார்க்காததுபோல் கடந்தார். அஞ்சலை கூடையை வைத்துவிட்டுப் பின்னாலேயே கொஞ்சதூரம் வந்தாள், விழுந்தால் பிடிக்க. அவளைத் திட்டினார். ஒவ்வோர் அடிக்கும் வேறொரு சந்தேகம் வந்தது. அவன் வேண்டுமென்றே நீளச் சுற்றுகிறான். பாகூர்வரை போய்விட்டான். சிரித்துக்கொண்டு ஓட்டுகிறான். ஓட்டட்டும், இதைத்தானே கேட்டேன். நாற்பது வருஷத்தில் அவன் ஏறியது எவ்வளவு என்று எந்த ரசமட்டத்தில் பார்ப்பது என்றும் ஒரு நினைப்பு வந்தது. அதை எதிரியின் பிரச்சாரம் என்று தள்ளினார்.

ஆலைச் சுவர் தாண்டியதும், அடுத்த அடிக்காக முன்னால் சாய்ந்தவர், சாய்ந்தபடியே தடுமாறிப்போய் ஒரு மின்கம்பத்தைக் கட்டிப்பிடித்தார். மேடு இல்லை. தெரு எப்போதும்போல் படுத்துக் கிடந்தது. தண்ணீர் நின்றுவிட்டது.

ஓட்டுகிறவன் இறங்கிவிட்டான். வீடு இன்னும் பாதித்தூரம் இருந்தது. சமமான தெருவில் நடந்து போய்விடலாம், ஆனால் அவர் நகரவில்லை. அங்கேயே, கம்பத்தைப் பிடித்தபடி, இருட்டும்வரை நிற்க நேர்ந்தாலும் நிற்பதென்று நின்றார்.

இருட்டுவதற்கு முன்பே சவரி வந்துவிட்டான், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, உப்பளம் முழுக்க நடந்தவனின் வேர்வையோடு.

“ஏன்யா இறங்கினே?”

“செயின் கழண்டுடுச்சு தோழர். மாட்டிட்டுப் பாத்தேன், மறுபடி கழண்டுது. சரி, தள்ளிக்கிட்டே வந்துட்டேன்.”

மாசிலாமணி செயினைப் பார்த்தார். கறுத்து, எண்ணெய் வழிய, பல்சக்கரத்தில் உட்கார்ந்திருந்தது. பிறகு ஹேண்டில் பாரின் வளைவில் இருந்த சவரியின் விரல்களைப் பார்த்தார். பத்தும் சுத்தமாக இருந்தன. ஒரு நகக்கண்ணில்கூட கிரீஸ் இல்லை. பொய்யைக் கண்டால் அன்று மத்தியானத்துக்குள் அச்சேற்றிவிடுகிற மனிதர், அந்த விரல்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். சவரி அவர் எங்கே பார்க்கிறார் என்று கண்டு, கையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். சைக்கிள் சாய்ந்தது. மாசிலாமணி எட்டி அதைப் பிடித்துக்கொண்டார்.

“பழைய செயின்” என்றார். “அப்படித்தான் கழலும்.”

ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, ஒருவரும் ஏறாமல், இருவரும் அதைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.